நான்காவது திருகு

"நாலாவது தடவை! தொழில் தெரியலைன்னா போர்டைக் கழட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் தங்கமுத்து. பூட்டுப் பட்டறைக்காரர், குரலும் சுத்தியலாகத்தான் விழுந்தது.

பல் சீரமைப்பு மருத்துவர் அமலராணிக்கு முகம் சிவந்தது. திண்டுக்கல்லில் பதினோரு வருடத் தொழில். கை தவறியதென்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

தங்கமுத்துவின் மகள் புவனேஸ்வரிக்கு எத்துப்பல். முன்பற்களை உள்ளே இழுக்க வேண்டுமானால், பின்னால் அசையாத பிடிமானம் ஒன்று வேண்டும். அதற்காகத் தாடை எலும்பில் மிளகு அளவுத் தலையுள்ள சின்னத் திருகை இறக்கி, அதிலிருந்து ரப்பர் மாட்டி இழுப்பது புதிதாக வந்த முறை. வேலை முடிந்ததும் திருகை எடுத்துவிடலாம். இந்தப் பெண்ணின் வாயில் மட்டும் அது ஒரு மாதம்கூடத் தங்குவதில்லை.

"ஏம்மா, இன்னும் எம்புட்டு நாள்தான் இழுத்தடிப்பீங்க?" என்றாள் தங்கமுத்துவின் அக்கா சுந்தரம்மாள். ஒவ்வொரு முறையும் வடமதுரையிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். "பல்லு உள்ள போகட்டும், தையில கல்யாணம்னு எம் மகன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"செத்த நேரம் இங்கேயே இருங்கம்மா" என்று அவளை உட்கார வைத்துவிட்டு, தகப்பனையும் மகளையும் மட்டும் அமலராணி உள்ளே அழைத்தார். கதவைச் சாத்தினார்.

விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்தார். தானாகத் தளர்ந்த திருகு என்றால் சுற்றிலும் ஈறு சிவந்து வீங்கியிருக்கும். இங்கே ஈறு அப்பழுக்கில்லாமல் இருந்தது. அவர்கள் கையோடு கொண்டுவந்த திருகின் தலையிலோ இடுக்கி கடித்த கீறல்கள்.

"இது தானா கழண்டதில்லை. நீயே கழட்டியிருக்கே! ஏம்மா, என் பேரைக் கெடுக்கணும்னே வர்றியா?"

புவனேஸ்வரிக்குக் கண் நிறைந்தது.

"சரி, உன் அத்தைகிட்டயே கேட்டுக்கிறேன்." அமலராணி கதவை நோக்கி நடந்தார்.

குறுக்கே வந்து நின்றார் தங்கமுத்து. வெளியே அந்தப் போடு போட்டவர் இப்போது குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளையத் திட்டாதீங்க டாக்டரம்மா. கழட்டுனது நான்தான்."

"நீங்களா? கிருமி ஏறியிருந்தா தாடையே வீங்கியிருக்குமே, தெரியுமா?"

"இடுக்கிய வெந்நீர்ல கொதிக்க வச்சுத்தான் தொட்டேன். தப்புதான். இவ காலேஜ் முடிக்க இன்னும் ஒன்றரை வருசம் கெடக்கு. படிச்சது போதும், கட்டி வைன்னு அக்கா நிக்குது. தாயில்லாத என்னைய இடுப்புல தூக்கி வளத்தது அது. அது முகத்தப் பாத்து முடியாதுன்னு சொல்ல எனக்கு நாக்கு எழல."

"நான்தான் கேட்டேன் டாக்டர்" என்றாள் புவனேஸ்வரி. "அப்பா மாட்டேன்னுதான் சொன்னாங்க."

"அதுக்கு என் தலைதான் கெடைச்சுதாக்கும்?"

அமலராணி நெடுநேரம் கை கழுவினார்.

"இனி இவ வாயில கை வச்சீங்க, நானே போலீசுக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

சுந்தரம்மாள் எழுந்து வந்தாள். "என்னம்மா, யாரு மேல தப்பு?"

காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அமலராணி சொன்னார்:

"என் மேலதாம்மா. நான் திருகு போட்ட விதம் சரியில்லை. மொதல்லேருந்து செய்யணும்; இன்னும் ரெண்டு வருசம் ஆகும்."