நகரும் எண்

புது லேசர் சென்சார் தூரத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, இருதயராஜை அட்டையோடு எதிரே நிறுத்தியிருந்தாள் பெனிட்டா. மடிக்கணினியில் பதினெட்டு மீட்டர்.

"அண்ணே, பின்னாடி போங்க."

போனார். எண் மாறவில்லை.

"இன்னும்."

"முதுகு சுவத்துல முட்டிடுச்சும்மா."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது எல்லா சென்சாருக்கும் நெட்வொர்க்கில் ஒரே முகவரிதான். பக்கத்துக் கூடத்துக் கிரேனில் நேற்று மாட்டிய சென்சாருக்கு அதை மாற்ற மறந்திருந்தாள். அப்படியானால், மடிக்கணினியில் தெரிவது அந்தக் கிரேனுக்கும் சுவருக்கும் இடையிலான தூரம்; சோதனைக்காகச் சற்றுமுன் அவள் எடுத்துவிட்டது, சுவரில் மோதுமுன் அதைத் தானாக நிறுத்தும் எல்லை.

சுவருக்கு அப்பால் கிரேன் கிளம்பும் மணி அடித்தது.

பதினேழு. பதினாறு.

அட்டையை நெஞ்சோடு பிடித்தபடி இருதயராஜ் அசையாமல் நின்றார்.

"இப்ப சரியா வருதாம்மா?"