நூற்றுக்கு நூறு

மேகலாவையும் மூன்று வயது மகளையும் தான் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக மனுப் போட்டிருந்தான் கணவன் திருமாறன். ஒரு மாதம் சேர்ந்து மனப்பாடம் பண்ணி, விசா இயந்திரத்தின் நூறு கேள்விகளுக்கும் இருவரும் ஒரே பதிலை ஒப்பித்தார்கள்.

"உண்மையான புருஷன் பெண்டாட்டிக்கு இவ்வளவு ஒத்துப்போகாது. இது போலிக் கல்யாணம்," என்றது இயந்திரம்.

மேகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாப்பா காதுகுத்தைப் பத்தின கேள்விக்காவது உள்ளதைச் சொல்லலாம்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன். உங்க அக்கா பந்தியில பாதியில எழுந்து போனதை மறைக்கணுமா?"

"மடியில உட்கார வச்ச உன் தம்பி பொட்டுத் தங்கமாவது போட்டானா?"

"போன்லயும் தினம் இப்படித்தான்," என்று இயந்திரத்திடம் சொன்னாள் மகள்.

விசா அச்சாகி வந்தது. மேகலா அதைப் பிடுங்கிக் கணவன் கையில் திணித்தாள். "நீங்களே போங்க. நான் வரல."

இயந்திரம் உடனே அதை நிரந்தர விசாவாக மாற்றிக் கொடுத்தது.