நனைந்த உமி

வண்டியில் வந்து இறங்கிய ஐந்நூறு கோழிக்குஞ்சுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை என்பதைக் கால்நடை மருத்துவரால் நம்ப முடியவில்லை.

“இதே வண்டியில குஞ்சு எடுத்தவங்க எல்லாருக்கும் முப்பது, நாப்பதுன்னு போயிருச்சும்மா.”

“தண்ணி காட்டாம விட்டிருப்பாங்க டாக்டர்,” என்றாள் பண்ணைக்காரி. ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, அலகைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து, “குடி தங்கம்” என்று கொஞ்சி இறக்கிவிட்டாள். “முதல்ல வாய் காயும். அப்புறம் தோல் சுருங்கும். கண்ணு உள்ள போகும். கத்திக்கிட்டே இருந்தது திடீர்னு அடங்கிரும். அப்பாடா, தூங்கிருச்சுன்னு நினைப்போம். அதுதான் கடைசி.”

“புட்டுப்புட்டு வைக்கிறீங்களே. முன்னாடி கோழி வளர்த்திருக்கீங்களா?”

“இல்ல, இதுதான் முதல் தடவை.”

மருத்துவர் குனிந்து அந்த அறையின் தரையில் பரப்பியிருந்த உமியைத் தொட்டுப் பார்த்தார். “இந்த ஓரம் ஈரமா இருக்கே.”

“தண்ணி குடிச்சா நனையத்தானே செய்யும், பாவம். ஒரு நாளைக்கு மூணு தடவை மாத்திடுறேன்.” முகம் சுளிக்காமல் ஈர உமியைக் கையாலேயே அள்ளினாள்.

“உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இருக்காது. சரி, இந்த அடையாளமெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?”

“இதே ரூம்லதான். போன மாசம் வரைக்கும் எங்க மாமியார் இங்கதான் படுத்த படுக்கையா கிடந்தாங்க. சும்மா சும்மா துணியை நனைக்கிறாங்கன்னு தண்ணியை நிறுத்திட்டேன்.”