நாலு மணிக்கு நிற்கும் யூபிஎஸ்

"இது மூணாவது யூபிஎஸ், தம்பி. கடையில வச்சுப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்கு வந்தா மட்டும் உயிரை விட்டுடுது."

கதவைத் திறந்ததுமே அந்தம்மா ஆரம்பித்துவிட்டார். மெக்கானிக்குக் கைப்பையைக் கீழே வைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"எப்ப நிக்குதும்மா?"

"சாயங்காலம் நாலு மணிக்கு மேல. இவர் செஸ் ஆடுற நேரமாப் பார்த்து."

'இவர்' ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எங்க அண்ணன் வேற ஊர்ல இருக்கார். பக்கவாதம் வந்து ஏழு மாசமாப் படுக்கை. தினமும் இவங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்ல ஆடுவாங்க. நடுவுல கரண்ட் போனா அந்த ஆட்டம் செல்லாதுன்னு பேசி வச்சிருக்காங்க. ஒருநாள்கூட அண்ணன் வீட்ல போனதில்லை. இங்கதான் போகுது. அதுவும் அண்ணன் ஜெயிக்கப் போற நேரத்துல."

"சரிம்மா. பார்த்துட்டுச் சொல்றேன்."

"பார்த்துட்டு மழுப்பக் கூடாது."

"பதினேழு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். நல்லா இருக்கறதை நல்லா இருக்குன்னும், இல்லாததை இல்லைன்னும்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

கம்ப்யூட்டர், மானிட்டர், மோடம் மூன்றும் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தன. மெக்கானிக் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இருபது நிமிஷம் தாங்கினால் தாராளம். இது முப்பத்தொரு நிமிஷம் ஆகியும் நிற்கவில்லை.

மறுபடி செருகினார், பிடுங்கினார். பத்துத் தடவை. திரை கண்கூடச் சிமிட்டவில்லை.

அப்போது போன் அடித்தது. அந்தம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"எ... என்ன மாப்பிள்ளை, நேத்தும் ஓ... ஓடிட்டீங்களே."

ஜன்னலோரத்தில் பேப்பர் மடிந்தது. "ஓடலை மச்சான். யூபிஎஸ் சரியில்லை."

"என் யா... யானை கிட்ட வந்ததும் சரியில்லாமப் போயிடுச்சா?"

"பேட்டரி அப்படி."

"பேட்டரி இ... இல்லை மாப்பிள்ளை. உங்க தொ... தொடை நடுங்கற நடுக்கத்துல வயர் கழண்டுடுது."

அந்தப் பக்கம் கிளம்பிய சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "இ... இன்னைக்கு வாங்க, பார்த்துக்கறேன்," என்று போனை வைத்தார்.

"கேட்டீங்கல்ல?" அந்தம்மாவின் முகம் சிறுத்திருந்தது. "கட்டிக்கிட்டவரை என் அண்ணனே பயந்தாங்கொள்ளிங்கறார். நான் யார் பக்கம் பேசறது? அதுக்குத்தான் யூபிஎஸ்ஸே வாங்கினேன்."

டீ போட உள்ளே போனார்.

மெக்கானிக் டார்ச்சை அடித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்தார். யூபிஎஸ் முழுக்க மெல்லிய தூசி. முன்பக்கம் இருந்த ஸ்விட்ச் மட்டும் பளபளவென்று இருந்தது. தினமும் ஒரு கட்டைவிரல் துடைத்த பளபளப்பு.

எழுந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீங்கதானே சார் அணைக்கிறீங்க?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"படுத்துக் கிடக்கற மனுஷன்கிட்டத் தோத்தாத்தான் என்ன சார்? இதுக்காக ரெண்டு யூபிஎஸ் கடைக்குத் திரும்பி வந்துச்சு. பழியெல்லாம் எங்க தலையில."

அவர் வந்து மவுஸை நகர்த்தி, நேற்று பாதியில் நின்ற ஆட்டத்தைத் திரையில் கொண்டுவந்தார்.

"உங்களுக்கு ஆடத் தெரியுமா?"

"என் பொண்ணோட ஆடுவேன். நீங்க எது?"

"வெள்ளை."

மெக்கானிக் பார்த்தார். கறுப்புக்குக் காய்கள் அதிகம். கறுப்பு யானை வெள்ளை ராஜாவுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. யார் பார்த்தாலும் கறுப்புதான் ஜெயிக்கும் என்பார்கள்.

இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தார். விரல் தானாக ஒரு வெள்ளைக் குதிரையைத் தொட்டது.

"சார், குதிரையை இங்க வச்சு, அடுத்து ராணியை அங்க வச்சா..."

"மெதுவாப் பேசுங்க."

"கறுப்பு ராஜா காலி. ரெண்டே நகர்த்தல்."

"மச்சான் கண்ணுக்கு இப்பல்லாம் இது தெரியறதில்லை. தெரியறதுக்குள்ள அணைச்சுடறேன்."

"அதுக்கு நீங்களே தப்பா ஆடித் தோத்துடலாமே சார்?"

"ஒரு தடவை அப்படித் தோத்தேன். 'பரிதாபமா?'ன்னு கேட்டுட்டு மூணு நாள் போனே எடுக்கலை."

அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"அஞ்சு மாசம் அவருக்குப் பேச்சே வரலை. வாயைத் திறந்தா 'ஆ'ன்னு ஒரு சத்தம்தான். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த டாக்டரம்மாகூடக் கையை விரிச்சுட்டாங்க. அப்பதான் ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவுல நிஜமாவே கரண்ட் போச்சு. அன்னைக்கு அவரே போன் போட்டார். முழுசா வந்த முதல் வார்த்தையே, 'பயந்து ஓடிட்டீங்களா மாப்பிள்ளை'தான்."

டம்ளர்கள் உரசும் சத்தம் கேட்டது. அவர் போய்ப் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன தம்பி, என்ன கோளாறு?" அந்தம்மா டீயை நீட்டினார்.

மெக்கானிக் சர்வீஸ் புத்தகத்தை மடியில் வைத்து, 'பேட்டரி பழுது' என்று நிதானமாக எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு நாலாவதைக் கொண்டு வரேம்மா. ஆனா இப்பவே சொல்லிடறேன், அதுவும் நாலு மணிக்கு மேல தாங்காது."