வெண்டெலின் ஆட்சேபணை

அமெரிக்காவின் வில்மிங்டன் நகரில், எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வக்கீல் வெண்டெலுக்கு நல்ல பெயர் கிடையாது. எல்லாக் கம்பெனியிலும் பத்துப் பங்கு வைத்திருப்பார். பங்குதாரர்கள் போட்ட வழக்கு சமரசத்துக்கு வந்தால் போதும், "இது செல்லாது, வக்கீல் ஃபீஸ் ரொம்ப அதிகம்" என்று கோர்ட்டில் போய் நிற்பாராம். ஆட்சேபணை ஜெயித்தால் அவருக்கும் ஃபீஸ் உண்டே!

நேற்று, வேடிக்கை பார்க்கும் ஆசையில், என் காரிலேயே அவரைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன்.

ஜெயித்துவிட்டார். சமரசம் பேசிய வக்கீலின் ஃபீஸைப் பாதியாக வெட்டி, அதில் இவருக்கும் ஒரு பங்கு தரச்சொன்னார் நீதிபதி.

"எனக்கு வேண்டாம்" என்றார் வெண்டெல். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார்.

"என்ன சார், ஜெயிச்சிட்டு அழுவுறீங்க? தொகை பத்தலையா?"

"இந்தக் கேஸை நடத்துறது என் பொண்ணும்மா. அவ அம்மா செத்ததுலேர்ந்து என்கிட்ட பேசுறதே இல்ல. கோர்ட்ல நான் ஆட்சேபிச்சா மட்டும் எழுந்து பதில் சொல்லியே ஆகணும். அதான் அவ கேஸுக்கு மட்டும் போவேன்."

"ஆனா இன்னிக்குப் பேசினது யாரோ வழுக்கைத்தலை ஆளாச்சே?"

"ஆமா. இனிமே எனக்குப் பதில் சொல்றதுக்குன்னே அவரை வேலைக்கு வச்சிருக்காளாம்."