மயிரிழைச் சத்தம்

எமல்டா கணினியில் வாசித்துக் கொடுத்த வயலின் மெட்டில் உயிரே இல்லை என்று இசையமைப்பாளர் ஒரு வாரமாகக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அவருடைய அக்கா மகன் தீபன், வேறொரு மென்பொருளில் அதே மெட்டை வாசித்து எடுத்து வந்திருந்தான்.

"ரெண்டையும் போடும்மா, ஒத்துப் பாத்துடலாம்."

முதலில் தன்னுடையதைப் போட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். "தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கு."

"இது தீபனோடது சார்" என்று சொல்லிவிட்டு, தன்னுடையதையே சத்தத்தை மயிரிழை ஏற்றி மறுபடியும் ஓடவிட்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படி அழுவுது பாரு. இவன்கிட்ட உக்காந்து கத்துக்கோம்மா."

உண்மையைச் சொல்லிவிட எமல்டா வாயெடுத்தாள். அதற்குள் தீபன் கூச்சத்தோடு பிடரியைத் தடவிக்கொண்டான்.

"அந்த எடத்துக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டேன் மாமா."