ஓரத்தில் எழுதிய பிரசங்கம்

ஞாயிறு காலை. ஆலயத்தின் வண்ணக் கண்ணாடி வழியே இறங்கும் நீல வெளிச்சம் தையல்காரம்மாவின் வேதாகமத்தில் தண்ணீர்போல் அசைகிறது. காது கேட்காத அவளுக்கு வசனம் கண்ணாலேயே கிடைத்துவிடும். பிரசங்கத்தைக் கணவர்தான் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிக் காட்டுவார். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வாரமாகிறது. போதகரின் உதடுகள் மட்டும் அசைகின்றன. இன்று புயலில் சிக்கிய படகில் ஆண்டவர் தூங்கும் அதிகாரம். ஓரத்தில் என்றோ கணவர் எழுதிய கிறுக்கல்: "தூங்கினாலும் ஆண்டவர் நம்ம படகுலதான் இருக்காராம். எனக்கும் கண்ணைச் சொக்குது." அந்த வரியை அவள் விரலால் தடவிக்கொண்டே இருக்கிறாள். பக்கத்தில் இருக்கும் மருமகள் மெல்லப் பென்சிலை எடுத்து அதற்குக் கீழே எழுதுகிறாள்: "இன்னிக்கும் அதையேதான் சொல்றாரு அத்தை. மாமா ஒரு வார்த்தை விடல." தையல்காரம்மா வாய்விட்டுச் சிரித்துவிடுகிறாள். அவளுக்கு மட்டும் கேட்காத அந்தச் சிரிப்பில் பிரசங்கம் ஒரு கணம் நின்றுபோகிறது.